காரணத்தையும் எழுதி வைப்போம்

(மேல்மலையனூரில் நடைபெற்ற தன்னார்வலர் பயிற்சிக் கூட்டத்தில் நமது நலக்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். "பழைய பதிவுகளை வைத்துப் புதிய பிரச்சினையைத் தீர்க்கும் கணினி மென்பொருள்" என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். அரிசி மூட்டை கொடுக்கிற, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புகிற அறக்கட்டளைக்கு இது எதற்கு என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் நாங்கள் செய்த ஒரு தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது அலுவலகத்தில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதில் நீளப் பதிவேடுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. யார் வந்தார், என்ன கேட்டார், என்ன கொடுத்தோம் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. புதிதாக ஒருவர் வந்தால், "இதே மாதிரி முன்பு ஒருவர் வந்தாரே, அவருக்கு என்ன செய்தோம்?" என்று புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

ஒரு நாள் ஒரு சகோதரி வந்தார். கணவருக்குச் சிறுநீரகம் பழுது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருந்தது. நாங்கள் பதிவேட்டைப் புரட்டினோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே நோயோடு ஒருவர் வந்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரே வரி: "காப்பீட்டு அட்டை ஏற்பாடு செய்யப்பட்டது. சிகிச்சை இலவசம். முடிந்தது." இந்தச் சகோதரியிடம் அட்டை ஏற்கனவே இருக்கிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று முடிவு செய்தோம். நல்ல வார்த்தை சொல்லி, துஆ செய்து அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இடையில் கணவர் பல முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. மூச்சுத் திணறி, நடு இரவில் அவசரப் பிரிவில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டோம். சிகிச்சை இலவசம்தான். ஆனால் போய்வர இரண்டு பேருக்குப் பேருந்துச் செலவு. அவர் துணைக்குப் போகும் நாளில் மல்லாட்டை பறிக்கிற கூலி போய்விடும். வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. அமாவாசை வந்தால் நம் ஊர்ப் பேருந்துகளில் கால் வைக்கக்கூட இடம் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு டயாலிசிஸ் நாள் வந்தால், நோயாளியை நிற்க வைத்துக் கூட்டிப்போக முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அப்படியானால் பழைய குடும்பம் எப்படிச் சமாளித்தது? நமது மூத்த உறுப்பினர் ஒருவருக்கு நினைவு இருந்தது. அந்த வீட்டில் மகன் சொந்தமாக ஆட்டோ ஓட்டினார். அப்பாவை அவரே கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அதனால்தான் அட்டை மட்டும் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த ஆட்டோ நம் பதிவேட்டில் இல்லை. முடிவை எழுதினோம், காரணத்தை எழுதவில்லை. எழுதாத அந்த ஒரு வரியின் விலையை இந்தச் சகோதரியின் குடும்பம் கொடுத்தது.

அல்ஹம்துலில்லாஹ், அவர் கணவர் இன்று உயிரோடு இருக்கிறார். பயணச் செலவை அறக்கட்டளை மாதந்தோறும் கொடுக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு மாதம் எங்கள் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும் என்ற அச்சம் எங்களை விடவில்லை. இந்தப் பயிற்சிக் கூட்டம் அந்த அச்சத்திலிருந்து பிறந்தது.

சகோதரர்களே, சகோதரிகளே, பழையதைப் பார்த்துப் புதியதைத் தீர்ப்பது மனிதர்கள் எல்லோரும் செய்வதுதான். பம்ப்செட் மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் புத்தகத்தைத் திறப்பதில்லை. சத்தத்தைக் கேட்கிறார். "போன வருஷம் அந்தக் கிணற்றிலும் இப்படித்தான் கத்தியது, காயில் போயிருக்கும்" என்கிறார். அடுத்து ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியாகக் காயில் கட்டினது எப்போ?" ஒற்றுமையைப் பார்த்த பிறகு வேற்றுமையையும் விசாரிப்பவர்தான் நல்ல மெக்கானிக். விசாரிக்காதவர் நல்ல காயிலைப் பிரித்துப் போட்டுவிடுவார். நாங்கள் அன்று விசாரிக்காத மெக்கானிக்காக இருந்தோம்.

இந்தச் சிந்தனை முறையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சிலர் முயன்றார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷாங்க் என்ற பேராசிரியர், மனிதன் பழைய அனுபவங்களை நினைவில் அடுக்கி வைத்து அவற்றின் உதவியால்தான் புதியதைப் புரிந்துகொள்கிறான் என்று 1982-இல் ஒரு நூல் எழுதினார். அவர் மாணவி ஜேனட் கோலோட்னர் அந்தக் கருத்தை வைத்து ஒரு மென்பொருள் செய்தார். அதற்குப் பிறகு வளர்ந்த துறையை ஆங்கிலத்தில் 'கேஸ் பேஸ்டு ரீசனிங்' என்கிறார்கள். முன்நிகழ்வு வழித் தீர்வு என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

1994-இல் நார்வேயைச் சேர்ந்த ஆக்னார் ஆமோட், ஸ்பெயினைச் சேர்ந்த என்ரிக் பிளாசா என்ற இருவரும் இதை நான்கு படிகளாக வகுத்துக் கொடுத்தார்கள். எளிய தமிழில் சொன்னால்: தேடு, பொருத்து, திருத்து, சேமி.

முதலில், புதிய பிரச்சினைக்கு ஒத்த பழைய நிகழ்வைத் தேட வேண்டும். இரண்டாவது, அதன் தீர்வை எடுத்து இந்தப் பிரச்சினைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். மூன்றாவது, அந்தத் தீர்வு இங்கே பலித்ததா என்று பார்த்து, பலிக்காத இடத்தைத் திருத்த வேண்டும். நான்காவது, திருத்திய அனுபவத்தைப் புதிய நிகழ்வாகச் சேமித்து வைக்க வேண்டும். நாங்கள் அன்று முதல் இரண்டு படிகளோடு நின்றுவிட்டோம். கொடுத்த பதில் பலித்ததா என்று யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இது நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தீபக் கேமானியும் அவருடைய குழுவும் இந்தத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறார்கள். கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அவர்கள் செய்த மென்பொருளின் பெயர் 'இன்ஃபோஃப்ராக்ஸ்'. கண்ணாடி உருக்கும் உலைகளின் உட்சுவருக்குப் பெரிய பெரிய கற்கள் வேண்டும். மூலப்பொருளை மின் உலையில் உருக்கி, அச்சில் ஊற்றி, மெல்ல மெல்ல ஆறவிட்டு அந்தக் கற்களைச் செய்கிறார்கள். ஆறி முடித்த பிறகுதான் விரிசல் விட்டதா இல்லையா என்பது தெரியும். எதனால் விரிசல் வந்தது என்பதற்கு ஒரே சூத்திரம் கிடையாது. அச்சு, உருக்கியது, ஊற்றியது, ஆறவிட்டது என்று எத்தனையோ விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே ஒவ்வொரு கல்லையும் ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அது எப்படிச் செய்யப்பட்டது, என்ன குறையோடு வந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். புதிய கல்லுக்குத் திட்டமிடும் பொறியாளர் அதைப் போன்ற பழைய கற்களைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பணியைப் பற்றி 2002-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில் ஆய்வுக் கட்டுரை வழங்கினார்கள்.

அமெரிக்காவின் லாக்ஹீட் விமான நிறுவனத்திலும் 1990 வாக்கில் இதே கதைதான். விமானப் பாகங்களை ஒரு பெரிய அடுப்பில் அடுக்கி வேகவைக்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்பதில் பிழை வந்தால் மொத்தமும் வீண். அனுபவப்பட்ட ஊழியர்கள், முன்பு நன்றாக வந்த அடுக்குகளின் வரைபடங்களைப் பத்திரமாக வைத்திருந்து அதைப் பார்த்துப் புதியதை அடுக்கினார்கள். 'கிளேவியர்' என்ற மென்பொருள் அந்த வரைபடக் கட்டின் வேலையைச் செய்தது. சுமார் 20 அடுக்குகளோடு தொடங்கி, வேலை நடக்க நடக்க அது வளர்ந்தது. தொடங்குவதற்கு ஆயிரக்கணக்கான பதிவுகள் வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். நம்மைப் போன்ற சிறிய அமைப்புக்கு அது ஆறுதலான செய்தி.

நம் மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்திருக்கும். ஃபிக்ஹு சட்டத்தில் 'கியாஸ்' என்று படிக்கிறோம். இமாம் ஷாஃபிஈ அவர்கள் தங்கள் 'அர்ரிஸாலா' நூலில் விரிவாகப் பேசிய விஷயம் அது. கியாஸுக்கு நான்கு தூண்கள்: தீர்ப்பு ஏற்கனவே தெரிந்த மூல நிகழ்வு, தீர்ப்புத் தேவைப்படும் புதிய நிகழ்வு, மூலத்தின் தீர்ப்பு, அந்தத் தீர்ப்புக்கான 'இல்லத்' என்னும் காரணம். திராட்சை மது தடுக்கப்பட்டதற்குக் காரணம் போதை. ஆகவே போதை தரும் வேறு பொருளுக்கும் அதே தீர்ப்பு. நிறம் ஒன்று, பாத்திரம் ஒன்று என்பதற்காகத் திராட்சைச் சாற்றை யாரும் தடுக்கவில்லை. காரணம் ஒன்றாக இருந்தால்தான் தீர்ப்பு ஒன்றாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மென்பொருள் ஃபத்வா தராது. அது ஆலிம்களின் பொறுப்பு. அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தோற்றத்தைப் பார்த்து ஒப்பிடாதே, காரணத்தைப் பார்த்து ஒப்பிடு என்பதே அது.

கணினி எப்படி ஒப்பிடுகிறது என்று இளைஞர்கள் கேட்டீர்கள். நம் சகோதரியின் கதையையே கணக்காகப் போட்டுக் காட்டுகிறோம். ஒவ்வொரு விவரத்துக்கும் அதன் முக்கியத்துவத்தைப் பொறுத்து மதிப்பெண் கொடுக்க வேண்டும். நம் குழுவில் கணினி தெரிந்த ஒரு தம்பி பழைய பதிவேட்டின் சில பக்கங்களைக் கணினியில் ஏற்றி, நமக்குத் தோன்றியபடி இப்படி மதிப்பெண் போட்டார்: நோய் ஒன்றாக இருந்தால் 4, காப்பீட்டு அட்டை நிலை ஒன்றாக இருந்தால் 3, மருத்துவமனைக்குத் துணைக்கு வரவும் சம்பாதிக்கவும் வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்பது ஒன்றாக இருந்தால் 2, ஊரின் தூரம் ஒன்றாக இருந்தால் 1. மொத்தம் 10.

சகோதரியின் மனுவை உள்ளே கொடுத்தோம். ஆட்டோ மகன் இருந்த பழைய டயாலிசிஸ் குடும்பம் முதலில் வந்தது. நோய் 4, அட்டை 3, தூரம் 1, ஆக 8. இரண்டாவதாக வந்தது ஒரு புற்றுநோய்க் குடும்பம். நோய் வேறு. ஆனால் அட்டை 3, தூரம் 1, துணைக்கு ஆள் இல்லாத நிலை 2, ஆக 6. அந்தக் குடும்பத்துக்கு அன்று என்ன செய்தோம் தெரியுமா? கதிர்வீச்சு சிகிச்சை முடியும்வரை பயணச் செலவு கொடுத்திருக்கிறோம். சரியான பதில் நம் பதிவேட்டிலேயே இருந்தது. ஆனால் இரண்டாவது இடத்தில் இருந்தது. நாங்கள் செய்த அதே தவறைக் கணினியும் செய்தது. ஏனென்றால் எது முக்கியம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

பிறகு துணைக்கு ஆள் என்ற விவரத்துக்கு 2-க்குப் பதில் 5 கொடுத்தோம். இப்போது மொத்தம் 13. ஆட்டோ குடும்பத்துக்கு அதே 8. புற்றுநோய்க் குடும்பத்துக்கு 9. சரியான பக்கம் மேலே வந்தது. ஒரு குடும்பம் பட்ட கஷ்டத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம், அடுத்து வரும் குடும்பத்துக்குப் பயன்படும்படி ஒரு எண்ணாக மாறியது. இந்த மென்பொருளின் மொத்த வித்தையும் இவ்வளவுதான். இதில் மாயம் எதுவும் இல்லை. அந்த ஆட்டோ விவரம் பெரியவர் நினைவிலிருந்து வந்திராவிட்டால் இந்தக் கணக்கையே போட்டிருக்க முடியாது.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறோம். நான்கு இடங்கள்.

முதலாவது, விதிகள் மாறிவிடும். பழைய பக்கம் மாறாது. காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய். 2022 முதல் அது 1,20,000 ரூபாய். "வருமானம் அதிகம், அட்டை கிடைக்காது" என்று பழைய பக்கத்தில் எழுதியிருந்தால், அதை நம்பி இன்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அது அநீதி. எதிர்மாறான உதாரணமும் உண்டு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தந்த கல்வி உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று ஆனது. பழைய பக்கத்தைப் பார்த்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாயை விண்ணப்பிக்கச் சொன்னால், அவர் சான்றிதழுக்கு அலைந்ததுதான் மிச்சம். நம் ஊரையே பாருங்கள். முன்பு செஞ்சி வட்டத்தில் இருந்தோம், இப்போது மேல்மலையனூரே தனி வட்டம். "செஞ்சி தாலுகா ஆபீஸுக்குப் போகவும்" என்று எழுதிய பக்கங்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் அன்றைய விதி என்ன என்பதையும் தேதியையும் எழுத வேண்டும்.

இரண்டாவது, முன்பு நடக்காதது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை" என்று சொன்ன எத்தனையோ வீடுகளுக்குள் அன்று தண்ணீர் புகுந்தது. வந்ததே இல்லை என்பது பழைய பதிவு. வராது என்பதற்கு அது சான்று ஆகாது. ஒத்த நிகழ்வு இல்லாதபோது, "இதைப் போன்றது என்னிடம் இல்லை" என்று மென்பொருள் சொல்லும்படி அமைக்க வேண்டும். பத்துக்கு மூன்று மதிப்பெண் வாங்கிய நிகழ்வை நெருங்கியது என்று காட்டினால், அதை நம்பி நாம் கெட்டுப்போவோம்.

மூன்றாவது, பழைய முடிவு அநியாயமாக இருந்தால் கணினி அந்த அநியாயத்தையும் கற்றுக்கொள்ளும். லண்டனில் செயின்ட் ஜார்ஜ்ஸ் மருத்துவப் பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். மாணவர் சேர்க்கைக்கு வரும் விண்ணப்பங்களை முதற்கட்டமாகப் பிரிக்க ஒரு மென்பொருளை எழுதினார்கள். பழைய தேர்வாளர்கள் எப்படி முடிவெடுத்தார்களோ அப்படியே முடிவெடுக்கும்படி அதை அமைத்தார்கள். நாம் பேசும் முறையைவிட எளிய மதிப்பெண் முறைதான் அது. ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். அந்த மென்பொருள் பெண்களுக்கும், ஐரோப்பியர் அல்லாத பெயர் கொண்டவர்களுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தது. இன சமத்துவ ஆணையம் விசாரித்து 1988-இல் அறிக்கை வெளியிட்டது. ஆண்டுக்கு 60 பேர் வரை இதனால் நேர்காணலுக்கே அழைக்கப்படாமல் போயிருக்கலாம் என்று தெரியவந்தது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பழைய முடிவுகள் சரியானவை என்று நம்பி எழுதினார்கள்.

அப்படிப்பட்ட பெயர்களில் நம் பிள்ளைகளின் பெயர்களும் வரும். ஆகவே இந்த வலி நமக்குப் புரிகிறது. ஆனால் நம் பதிவேட்டையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா? கணவன் விட்டுப்போன பெண்களின் மனுக்களை, "குடும்பத்தாரோடு பேசி வரவும்" என்று ஒரே வரியில் மூடிய பக்கங்கள் நம்மிடமும் உள்ளன. பேசுவதற்குக் குடும்பம் இருந்ததா என்று அந்தப் பக்கத்தில் இல்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் என்பதால் தள்ளிவைத்ததும் உண்டு. இவற்றை அப்படியே கணினியில் ஏற்றினால் நம் பழைய தவறுக்கு இயந்திரத்தின் அங்கீகாரம் கிடைத்துவிடும். "கம்ப்யூட்டரே சொல்கிறது" என்று சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வோம். அந்தப் பக்கங்களைக் கிழிக்க வேண்டியதில்லை. "இப்படிச் செய்தோம், இது தவறு, காரணம் இது" என்று மேலே எழுதி வைப்போம். விரிசல் விட்ட கல்லின் பதிவும் பயனுள்ள பதிவுதான். எப்படிச் செய்யக் கூடாது என்பதை அது சொல்லும்.

நான்காவது, அமானிதம். நம்மிடம் கை நீட்டுகிறவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறார். நோய், கடன், மகளின் பிரிவு என்று வேறு யாரிடமும் சொல்லாததை நம்மிடம் சொல்கிறார். அது கணினிக்குள் போய், யாரோ ஒருவர் கைப்பேசி வழியாகத் தெருவுக்கு வந்தால் அது மாபெரும் துரோகம். இதற்குச் சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டம் வருமுன்பே நமக்குக் கடமை உண்டு. ஆகவே கணினியில் பெயர், தெரு, கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். ஓர் எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பீரோவிலேயே பூட்டிக் கிடக்கட்டும். சம்பந்தப்பட்டவரிடம், "உங்கள் அனுபவத்தைப் பெயர் இல்லாமல் பதிந்துவைத்தால் இன்னொருவருக்கு உதவும், சம்மதமா?" என்று கேட்டு எழுதுவோம். சம்மதம் இல்லை என்றாலும் உதவி குறையாது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

"இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, கைப்பேசியில் கேட்டால் பதில் சொல்கிறதே, பிறகு இது எதற்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது அழகாகப் பேசும். எந்த அனுபவத்தை வைத்து அப்படிச் சொன்னது என்று திரும்பிக் காட்டுவது கடினம். நாம் சொல்லும் முறையில், இந்தப் பதில் இந்தப் பதிவேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்ட முடியும். பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். தவறு என்றால் திருத்தலாம். ஒரு குடும்பத்தின் விஷயத்தில் முடிவெடுக்கும்போது அந்த வசதி அவசியம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 'மைசிபிஆர்', 'ஜெகோலிப்ரி' போன்ற இலவச மென்பொருள்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்திருக்கின்றன. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் அவற்றை முயன்று பார்க்கலாம். ஆனால் தொடக்கத்துக்கு ஒரு சாதாரண எக்செல் பட்டியலே போதும். நாங்கள் போட்டுக் காட்டிய கணக்கு அதில்தான் செய்தது.

மென்பொருள் எதுவாக இருந்தாலும், இனி ஒவ்வொரு மனுவுக்கும் ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதுவோம் என்று நலக்குழு முடிவு செய்திருக்கிறது. பிரச்சினை என்ன? வீட்டில் யார் யார், யார் சம்பாதிக்கிறார், யார் துணைக்கு வருவார்? ஏற்கனவே என்ன உதவி கிடைக்கிறது? நாம் எடுத்த முடிவு என்ன, ஜகாத் நிதியா பொது நிதியா? அந்த முடிவுக்குக் காரணம் என்ன? அன்று நடைமுறையில் இருந்த விதி என்ன? மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் என்ன நிலை?

இவற்றில் ஐந்தாவதும் ஏழாவதும்தான் கடினம். காரணத்தை எழுத ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார வேண்டும். மூன்று மாதம் கழித்து விசாரிக்க மறுபடி ஒரு முறை வெயிலில் நடக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டும் இல்லாத பதிவேடு, கணினியில் ஏறினாலும் காகிதத்தில் இருந்தாலும், ஒரு நாள் யாரையாவது தவறாகத் திருப்பி அனுப்பும். நாங்கள் அனுப்பியிருக்கிறோம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். கணினி தெரிந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். பழைய பதிவேடுகளைப் பெயர் இல்லாமல் ஏற்றும் வேலையை ஜகாத் மனுக்கள் குவியும் ரமலானுக்கு முன் முடிக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். பெரியவர்கள் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த ஆட்டோவைப் போல எழுதாமல் விட்டது உங்கள் நினைவில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் போனால் அது உங்களோடு போய்விடும். சகோதரிகள் மூன்று மாத விசாரிப்பைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் ஆண்களிடம் சொல்லாததை, அடுப்படியில் உட்கார்ந்து பேசும் உங்களிடம் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. போன மாதம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் வந்தார். பிற சமயத்தைச் சேர்ந்தவர். மகனுக்குத் தொடர் சிகிச்சை, அட்டை கையில் இருக்கிறது. பட்டியலில் அவருடைய விவரத்தைப் போட்டதும் டயாலிசிஸ் சகோதரியின் பக்கம் முதலில் வந்தது. அதில் எழுதியிருந்தது: "அட்டை இருந்தும் போக முடியவில்லை. காரணம் பயணமும் கூலி இழப்பும். முதல் முறை நாங்கள் கேட்கத் தவறினோம்." எங்கள் தன்னார்வலர் அந்தத் தாயிடம் முதல் கேள்வியாகவே கேட்டார்: "அம்மா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய் வர்றீங்க?" அந்தத் தாய் அழுதுவிட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லையாம்.

அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு மனிதர். அதை நினைவுபடுத்தியது ஒரு பதிவு. அந்தப் பதிவு சகோதரியின் சம்மதத்தோடு எழுதப்பட்டது. எங்கள் தவறு அதில் மறைக்கப்படவில்லை. இந்த வழியில் தொடர்ந்து நடக்க எல்லாம் வல்ல இறைவன் நமக்கு உதவி செய்வானாக.